முன்னால் என்ன நடந்தது

எனக்குக் கோபம் வந்துவிட்டது என்று யாராவது சொன்னால், "எப்போ போச்சு, வரதுக்கு?" என்று கேட்பாள் என் மனைவி வத்சலா. அவள் சொல்வதில் தப்பில்லை. முப்பத்தாறு வருஷம் மத்திய அமைச்சகம் ஒன்றில் ஃபைல் பார்த்துவிட்டு செக்‌ஷன் ஆபீஸராக ஓய்வு பெற்றவன் நான். மற்றவர்கள் எழுதிய அரைகுறை ஆங்கிலத்தைத் திருத்தித் திருத்தி, கோபம் என்னோடு நிரந்தரமாகத் தங்கிவிட்டது. ஆனால் இப்போது சொல்லப்போகும் கோபம் வேறு. அதை யார் மேல் காட்டுவது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

தில்லி கரோல் பாக்கில் ஒரு சந்து. பழைய கட்டடம். தரைத்தளத்தில் இரண்டு வீடு. பின்பக்கத்து வீடு எங்களுடையது. முன்பக்கத்து வீட்டுக்கு மதியழகன் குடும்பம் வாடகைக்கு வந்தபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. கள்ளக்குறிச்சிப் பக்கத்து ஆள். ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். மனைவி முத்துமாரி, ஒரே பெண் ஓவியா, பத்து வயது. பக்கத்து வீட்டில் தமிழ் பேச ஆள் கிடைத்தது என்று நானே கூடப் போய் கேஸ் கனெக்‌ஷனுக்கு மனு எழுதிக் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் காலையில்தான் அந்தச் சத்தத்தைக் கேட்டேன். அதை அழுகை என்று சொல்ல முடியாது, கூச்சல் என்றும் சொல்ல முடியாது. தொண்டையின் அடியிலிருந்து ஒரே சுருதியில் கிளம்பி, மூச்சு தீரும்வரை போகும். மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி கிளம்பும். நடுவில் சுவரில் தலையை மோதிக்கொள்ளும் சத்தம். இருபது நிமிஷம், சில நாள் நாற்பது. ஓவியாவுக்கு ஆட்டிசம், பேச்சு வராது என்று மதியழகன் கையைப் பிசைந்துகொண்டு சொன்னான். புரிகிறது என்று நானும் பெரிய மனுஷனாகத் தலையாட்டினேன். புரிகிறது என்று சொல்வதற்கும், காலை ஐந்து மணிக்குத் தினமும் அதைக் கேட்பதற்கும் நடுவில் எவ்வளவு தூரம் இருக்கிறது என்று எனக்கு அப்போது தெரியாது.

என் காலைகள் ஒழுங்கானவை. எங்கள் சந்துக்கு ஐந்து மணிக்குத் தண்ணீர் வரும். முதல் பத்து நிமிஷம் கலங்கலாக வரும், அதைப் போகவிட்டு ஐந்து பத்துக்கு மோட்டார் சுவிட்சைப் போடுவேன். சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, ரேடியோவில் செய்தி, கையில் காப்பி. முப்பது வருஷப் பழக்கம். இந்தப் பெண் சொல்லிவைத்தாற்போல் அந்தக் காப்பி நேரத்தில் ஆரம்பிப்பாள். செய்தி போய்விடும், காப்பி ஆறிவிடும்.

கோபம் வந்தால் சிலர் கத்துவார்கள். நான் குறித்து வைப்பேன். நீளமான நோட்டு ஒன்றில் கோடு போட்டு, தேதி, ஆரம்பித்த நேரம், முடிந்த நேரம், குறிப்பு என்று நான்கு கட்டம். 5:12 முதல் 5:40. 5:12 முதல் 5:33. எட்டு மாதத்தில் நோட்டு முக்கால்வாசி நிரம்பிவிட்டது. எதற்கு இது என்று வத்சலா கேட்டதற்கு, எல்லாமே ரெக்கார்டில் இருக்க வேண்டும் என்று சொன்னேன். "அந்தப் பொண்ணு வேணும்னா கத்தறது? அதுக்கு ஒரு ஃபைலா?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள்.

அவர்கள் வந்த மூன்றாவது மாதமோ என்னவோ, முத்துமாரி ஒரு நாள் கதவைத் தட்டினாள். குழந்தை கத்துவதற்கு மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறாள் என்று நினைத்து நானே ஆரம்பித்தேன். டாக்டரிடம் காட்டினீர்களா, காலையில் பால் கொடுத்துப் பார்த்தீர்களா, பக்கவாட்டு அறையில் படுக்க வைக்காமல் தெருப்பக்கத்து அறையில் வைக்கக்கூடாதா என்று பத்து நிமிஷம் வாசலிலேயே நிறுத்திவைத்துப் பேசினேன். அவள் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிவிட்டு, "சார், உங்க மோட்டார் விஷயமா ஒண்ணு..." என்று இழுத்தாள். தில்லியில் தண்ணீர்க் கஷ்டத்தில் யார் எதற்குக் கதவைத் தட்டுவார்கள் என்று எனக்குத் தெரியாதா? என் மோட்டாரிலிருந்து ஒரு குழாய் இழுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்கப்போகிறாள். அதெல்லாம் யாருக்கும் கொடுக்கிற வழக்கமில்லை என்று அவளை முடிக்கவிடாமல் சொன்னேன். சரிங்க சார் என்று போய்விட்டாள். நான் கண்டிப்பாக, ஆனால் மரியாதையாக நடந்துகொண்டதாகவே அன்று நினைத்தேன்.

சந்தில் குடியிருப்போர் சங்கம் ஒன்று இருக்கிறது. தலைவர் தனேஜா, துணிக்கடைக்காரர். ஒரு நாள் என்னைப் பிடித்துக்கொண்டு, எல்லோருக்கும் அந்தக் குழந்தையால் தொல்லை, வீட்டுக்காரருக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும், கோபாலன்ஜி, உங்களைவிட்டால் இந்தச் சந்தில் ஆங்கிலம் எழுத யார் இருக்கிறார்கள் என்றார். இப்படிச் சொன்னால் நான் உருகிவிடுவேன் என்று ஊருக்கே தெரியும். அன்றே உட்கார்ந்து எழுதினேன். ஏழு பத்தி. ஓர் இடத்திலும் குழந்தையைக் குறை சொல்லவில்லை. சொல்லாமலே அவர்கள் இங்கே இருக்கக்கூடாது என்று படிப்பவனுக்குத் தோன்றும்படி எழுதியிருந்தேன். கூடவே என் நோட்டிலிருந்து எட்டு மாத நேரப் பட்டியலை இணைப்பாக வைத்தேன். பதினான்கு பேர் கையெழுத்துப் போட்டார்கள்.

இந்த ஊரில் வாடகை ஒப்பந்தம் பதினொரு மாதத்துக்குத்தான் போடுவார்கள். பன்னிரண்டாவது மாதம் வேண்டுமானால் வீட்டுக்காரர் மறுபடி கையெழுத்துப் போட வேண்டும். மதியழகனின் பதினொரு மாதம் அந்த மாதக் கடைசியில் முடிய இருந்தது. நொய்டாவில் இருக்கும் வீட்டுக்காரர், சங்கம் கூட்டம் போட்டுத் தீர்மானம் நிறைவேற்றினால் கையெழுத்துப் போடுவதில்லை என்று சொல்லிவிட்டார். விஷயம் தெரிந்து மதியழகன் என்னைத் தெருவில் நிறுத்தினான். நாலு வருஷத்தில் மூன்று வீடு மாறியாகிவிட்டது, எல்லா இடத்திலும் இதே கதை. புசா ரோடு பக்கம் பயிற்சி மையம் ஒன்றுக்கு ஓவியா நடந்தே போகிறாள், இப்போதுதான் தன் கையால் எடுத்துச் சாப்பிட ஆரம்பித்திருக்கிறாள், இடம் மாறினால் எல்லாம் முதலிலிருந்து. அவன் கெஞ்சவில்லை, விவரம் சொன்னான். நான் எழுதியதில் ஒரு வார்த்தை பொய் இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை சார் என்றான். அப்போதும் எனக்கு ஜெயித்த மாதிரிதான் இருந்தது.

கூட்டத்துக்கு முதல் நாள் வத்சலா பிடித்துக்கொண்டாள். அவளுக்குக் கோபம் வந்தால் என்னுடையதெல்லாம் ஒன்றுமே இல்லை. "தனேஜா பிள்ளை கல்யாணத்துக்கு மூணு நாள் பேண்டு வாசிச்சானே, அதுக்கு என்ன ஃபைல் போட்டேள்? வருஷா வருஷம் ஜாக்ரதான்னு தேவி பஜனைக்குத் தெருவை அடைச்சுண்டு விடிய விடிய ஸ்பீக்கர் வைக்கறாளே, அதுக்கு? நிறுத்த முடிஞ்சவாள்லாம் நிறுத்த மாட்டா. நிறுத்த முடியாதது ஒண்ணே ஒண்ணு, அதைப் போய் தெருவை விட்டுத் துரத்தறேளே."  நான் செருப்பை மாட்டிக்கொண்டு வாக்கிங் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்குத் தனேஜா வீட்டுக் கார் நிறுத்துமிடத்தில் கூட்டம். பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு தட்டு நிறைய சமோசா. தனேஜா என் கடிதத்தை உரக்கப் படித்தார். பத்திக்குப் பத்தி தலைகள் ஆடின. என் எழுத்து அப்படிச் சத்தமாகப் படிக்கப்பட்டு வெகு நாளாயிற்று. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சுகமாக இருந்தது.

மதியழகன் குழந்தையோடு வீட்டில் இருந்தான். முத்துமாரி மட்டும் வந்து ஓரமாக நின்றிருந்தாள். கடிதம் முடிந்ததும் தானும் ஒன்று காட்ட வேண்டும் என்று கடைத்தெரு ஹிந்தியில் சொல்லி, பிரவுன் அட்டை போட்ட ஒரு பள்ளிக்கூட நோட்டை நீட்டினாள். மையத்து மேடம் எழுதச் சொன்னதாம். குழந்தை கத்துகிற ஒவ்வொரு தடவையும் நேரம் என்ன, அதற்கு முன்னால் என்ன நடந்தது, குழந்தை என்ன செய்தாள், எப்போது அடங்கினாள் என்று. தனேஜா புரட்டிப் பார்த்தார். முழுக்கத் தமிழ்.

"சாரு படிச்சுச் சொல்லட்டும்" என்றாள் முத்துமாரி.

அமைச்சகத்து ஆளே இருக்கும்போது என்ன கவலை என்று தனேஜா நோட்டை என் மடியில் வைத்தார்.

அவள் நோட்டிலும் நான்கு கட்டம். அடிக்கோல் வைத்து நேராகப் போட்ட கோடு. முதல் கட்டத்தில் நேரம், 5:12. கையோடு கொண்டுபோயிருந்த என் நோட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதே தேதி, அதே 5:12. அடுத்த நாளும் 5:12. என் ரெக்கார்டு எவ்வளவு துல்லியமானது என்று அவர்களே ஒத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று சபைக்கு அறிவித்தேன். அதற்கப்புறம்தான் இரண்டாவது கட்டத்தைப் பார்த்தேன். மேலே தலைப்பு, முன்னால் என்ன நடந்தது. அதற்குக் கீழே, கோபாலன் சார் மோட்டார்.

மறுநாளும் கோபாலன் சார் மோட்டார். அதற்கு மறுநாளும். அப்புறம் எழுதி அலுத்துப்போய் மேற்படிக் குறி. சாயங்காலங்களில் குக்கர், பட்டாசு, யாரோ காலிங் பெல் என்று வேறு வேறு இருந்தன. காலை மட்டும் பக்கம் பக்கமாக நான். ஓரிடத்தில் சின்ன எழுத்தில், மற்ற மோட்டார் போட்டால் காதைப் பொத்திக்கொள்கிறாள், இந்தக் கீச்சுச் சத்தத்துக்குத்தான் கத்துகிறாள் என்று இருந்தது. எங்கள் மோட்டார் நடையில், அந்தக் குழந்தையின் ஜன்னலுக்கு நேர் கீழே இருக்கிறது. அது கீச்சிடுகிறது, ஆளைக் கூப்பிடுங்கள் என்று வத்சலா இரண்டு வருஷமாகச் சொல்கிறாள். ஓடுகிற மோட்டாரை எதற்குத் தொடுவது என்று நான்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். சமையலறைக் கதவைச் சாத்திவிட்டால் எனக்கு அது கேட்பதே இல்லை.

பக்கத்தைத் திருப்பினேன். பிப்ரவரியில் ஒன்பது நாள் பெங்களூரில் மகன் நிகில் வீட்டுக்குப் போயிருந்தோம். என் நோட்டில் அந்த ஒன்பது நாளும் காலி. அவள் நோட்டில் காலி இல்லை. மோட்டார் இல்லை, சார் ஊருக்குப் போயிருக்கிறார், கத்தவில்லை, ஏழு மணி வரை தூங்கினாள். ஒன்பது நாளும் அதே வரி. ஏழாம் நாள் மட்டும் கூடுதலாக, எழுந்து சிரித்தாள் என்று இருந்தது.

அந்தக் கூட்டத்தில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். மிக்ஸி என்று சொல்லியிருக்கலாம். ரயில் என்று சொல்லியிருக்கலாம். என்ன எழுதியிருக்கிறது என்று தனேஜா கேட்டதும் முப்பத்தாறு வருஷப் பழக்கம் முன்னால் வந்து நின்றது. ஏதோ ஒரு மெஷின் சத்தம் காரணமாகக் குறிப்பிடப்பட்டிருக்கிறது என்று ஹிந்தியில் சொன்னேன்.

"எந்த மெஷின்னும் எழுதியிருக்கேன் சார்" என்றாள் முத்துமாரி தமிழில். குரலை உயர்த்தவில்லை. "அதையும் சொல்லிருங்க."

எனக்கு அவள் மேல் பற்றிக்கொண்டு வந்தது. பத்துப் பேருக்கு நடுவில் என் வாயாலேயே சொல்ல வைக்கிறாளே, அன்றே வந்து என் வாசலில் சொல்லியிருக்கக்கூடாதா என்று நினைத்த அந்த நொடியிலேயே, அவள் என் வாசலில் நின்றதும் மோட்டார் என்று இழுத்ததும் நான் முடிக்கவிடாமல் அனுப்பியதும் ஞாபகத்துக்கு வந்தன. 

"மேரா மோட்டார்" என்றேன். என் மோட்டார்.

யாரோ சிரித்தார்கள். தனேஜா சிரிக்கவில்லை, சமாதானம் சொன்னார். தண்ணீர் இல்லாமல் மனுஷன் இருக்க முடியுமா, மோட்டார் எல்லோரும்தான் போடுகிறோம், அது வேறு இது வேறு, தீர்மானத்தை நிறைவேற்றிவிடலாம் என்றார். ஆமாம் ஆமாம் என்று நாலு குரல். என் மோட்டார்தான் காரணம் என்று நானே சொன்ன பிறகும் அந்தக் குழந்தைதான் போக வேண்டுமாம். எழுந்து நின்றேன். என் கடிதத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்றேன். அது இப்போது சங்கத்தின் கடிதம், பதினான்கு கையெழுத்து இருக்கிறது, அதுவும் எவ்வளவு அழகான கடிதம் என்றார் தனேஜா.

சரி, எல்லாம் எழுத்திலேயே இருக்கட்டும் என்றேன். தெருக் குழாயிலிருந்து நேராக மோட்டார் வைத்து உறிஞ்சக்கூடாது என்று விதி இருக்கிறது. இந்தச் சந்தில் அதைச் செய்யாத வீடே கிடையாது. இன்றைக்கு வீட்டுக்குப் போய் இன்னொரு கடிதம் எழுதுவேன், தண்ணீர் ஆபீசுக்கு. பட்டியலில் முதல் மோட்டார் என்னுடையது, இரண்டாவது தனேஜாவின் ஒன்றரை குதிரைசக்தி, மற்றது வரிசையாக. இணைப்பாக இந்த இரண்டு நோட்டும். என் கடிதம் எப்படி இருக்கும் என்று இப்போதுதானே காதால் கேட்டீர்கள் என்றேன்.

சமோசாவை எடுக்கப்போன கைகள் அப்படியே நின்றன.  பிறகு தனேஜா தொண்டையைக் கனைத்துக்கொண்டு, இந்த விஷயத்தை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைக்கலாம் என்றார். தள்ளி வைத்த விஷயம் எங்கே போகும் என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் அங்கே இல்லை.

திரும்பி வரும்போது முத்துமாரி எனக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தாள். நன்றி சொல்வாள் என்று மனதின் ஒரு மூலையில் எதிர்பார்த்தேன், அதையும் மறைப்பதற்கில்லை. அவள் சொல்லவில்லை. நானே கேட்டேன், அன்றைக்கு நான் தப்பாகப் புரிந்துகொண்டேன், மறுபடி ஒரு தடவை வந்து சொல்லியிருக்கலாமே என்று. நின்றாள்.

"வாடகைக்கு இருக்கறவங்க ஒரு வாட்டிதான் சார் சொல்ல முடியும். ரெண்டாவது வாட்டி சொன்னா சண்டைக்காரங்கன்னு பேரு வந்துரும். அப்புறம் எல்லாருக்கும் தண்ணி வேணும்ல."

மறுநாள் மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். வந்தான், கழற்றினான், பேரிங் தேய்ந்திருக்கிறது என்று வேறு போட்டான், மூடினான். இருபத்தைந்து நிமிஷம். நான் பக்கத்திலேயே கடிகாரத்தோடு நின்றேன். பத்து மாதமாக அந்தக் குழந்தை தினமும் காலையில் கத்தியதும் கிட்டத்தட்ட அவ்வளவு நேரம்தான். சில நாள் கத்தியது அதைவிட அதிகம் என்று என் நோட்டிலேயே இருக்கிறது. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு எதையாவது உடைக்க வேண்டும்போல் இருக்கிறது.

அதற்கு மறுநாள் ஐந்து பத்துக்குச் சுவிட்சைப் போட எனக்குக் கை வரவில்லை. வத்சலா போட்டாள். சமையலறைக் கதவைத் திறந்தே வைத்திருந்தோம். மோட்டார் முனகிக்கொண்டு ஓடியது. 5:12 வந்தது, 5:15 ஆனது. பக்கத்து வீட்டில் யாரோ புரண்டு படுத்த மாதிரி ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான். செய்தி முழுவதும் காதில் விழுந்தது, ஒரு வார்த்தைகூட மனதில் நிற்கவில்லை. மாதக் கடைசியில் வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டார். இன்னொரு பதினொரு மாதம்.

கதை இதோடு முடிந்திருந்தால் நானும் நல்லவனாகி இருப்பேன். நேற்று சாயங்காலம் நாலு மணிக்கு ஓவியா கத்தினாள். அதே சத்தம், அதே சுருதி. மோட்டார் ஓடவில்லை. தெருவில் பட்டாசு இல்லை. நான் செருப்பைக்கூடப் போடாமல் போய் அவர்கள் கதவைத் தட்டினேன். முத்துமாரி திறந்தாள். ஓவியா மேஜைக்கு அடியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு, கண்ணை இறுக மூடி, மூச்சு தீரத் தீரக் கத்திக்கொண்டிருந்தாள். இவ்வளவு கிட்டத்தில் அந்தக் குழந்தையின் முகத்தை நான் பார்த்ததே இல்லை.

என்ன ஆயிற்று என்றேன்.

"தெரியல சார். சில நாள் இப்பிடித்தான், எதுக்குன்னே தெரியாது" என்றாள் முத்துமாரி.

மேஜை மேல் நோட்டு திறந்திருந்தது. நேரம் 4:00 என்று எழுதியிருந்தாள். இரண்டாவது கட்டம் காலியாக இருந்தது. அதில் என் பெயர் இல்லை என்று தெரிந்ததும்தான் எனக்கு மூச்சே வந்தது.

குழந்தையைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தேன் என்றேன். அப்போதும் நோட்டின் மேலேயே என் கண் இருந்ததை முத்துமாரி பார்த்தாள். பிறகு நோட்டை மூடி எடுத்துக்கொண்டு, மேஜைக்கு அடியில் மகள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.